கார்டு எண் பத்திரம், மற்றதெல்லாம்?

ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போன நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வண்டி வந்து நின்றதும் முதல் வேலை, பெட்டியின் கதவருகே ஒட்டியிருக்கும் ரிசர்வேஷன் சார்ட்டைப் பார்ப்பது. நம் பெயர் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட கையோடு, பக்கத்து இருக்கைகளில் ஒரு சுப்பிரமணியனோ ஒரு மீனாட்சியோ தென்படுகிறார்களா என்றும் விரலை ஓட்டிப் பார்ப்போம். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த ஊரில் இறங்குகிறார் எல்லாம் அதில் இருக்கும். ஒரு தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டால் புளியோதரைக்கும் பேச்சுக்கும் துணை கிடைத்த சந்தோஷம். வயசுப் பெண்ணின் பெயரையும் வயதையும் போகிறவன் வருகிறவனெல்லாம் படிக்கிறானே என்று அன்று யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் சார்ட் ஒட்டுவதை நிறுத்தினார்கள். காகிதச் செலவை மிச்சப்படுத்தத்தான், நம் மானத்தைக் காப்பாற்ற அல்ல. ஆனாலும் அந்தச் சார்ட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பயணம் முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. மழையில் நனைந்து, பாதி கிழிந்து, அடுத்த நாள் அதன் மேல் வேறு சார்ட் ஏறிவிடும். இன்று நாம் வீட்டில் உட்கார்ந்தபடி கிரெடிட் கார்டில் பணம் கட்டிப் பொருள் வாங்கும்போதும் ஒரு சார்ட் எழுதப்படுகிறது. அதை யாரும் கிழிப்பதில்லை. என் அம்மாவுக்கு நேர்ந்த ஒன்றினால் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. நம் சங்கத்துக்கும் இதில் பங்கு இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அம்மா மாயவரத்தில் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. பத்து ரூபாய்க்குக் கீரை வாங்கினாலும் நோட்டில் எழுதி வைக்கிறவர். 2023-ஆம் ஆண்டு ஆடி மாதம் முழங்கால் வலி அதிகமானபோது, இங்கிருந்து இன்டர்நெட் மூலம் ஒரு கடையில் முழங்காலுக்கு மாட்டும் உறை வாங்கி, என் கிரெடிட் கார்டில் பணம் கட்டி, அவர் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். கூரியர்காரர் வழி கேட்க வேண்டுமே என்று அவருடைய தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். நான்கு நாளில் பார்சல் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சுபம்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்கு ஒரு ஃபோன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, குரலில் மரியாதை. "அம்மா, பொண்ணு வடக்கேருந்து முழங்காலுக்கு உறை அனுப்பிச்சாங்களே, அளவு சரியா இருக்கா? இந்தத் தடவை எல்லாருக்கும் பெரிசா வந்துட்டுதுன்னு சொல்றாங்க." அம்மாவுக்கும் அது கொஞ்சம் தளர்ச்சியாகத்தான் இருந்திருக்கிறது. "ஆமாம்ப்பா" என்றார். "அதை நீங்களே வெச்சுக்குங்க. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறோம். பொண்ணு கார்டுக்கு அனுப்பினா நாளாகும். உங்க ஏ.டி.எம். கார்டு நம்பர் சொல்லுங்க, இன்னிக்கே வந்துடும்."

நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தவர் என் அம்மா. அந்தப் பையனை நம்பினார். ஏன் நம்பினார் என்று பிறகு கேட்டேன். "என் முட்டி வலி உனக்கும் எனக்கும் டாக்டருக்கும்தானே தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சிருந்ததே, அப்போ கடைக்காரன்தானே?" என்றார். இந்தத் தர்க்கத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

போனது ரூ.22,400. அம்மா அதை என்னிடம் பதினொரு நாள் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில், "ஏண்டி, ஓ.டி.பி.ங்கறது பணம் வர்றதுக்கா, போறதுக்கா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கை மாறிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பதினொரு நாளில் அது எத்தனை கணக்கு தாண்டிப் போயிருக்கும்! வங்கியில், ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொன்னதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுத்தில் பதில் தந்தார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவும் அப்படித்தான் சொன்னது. வங்கியின் மேலும் தவறில்லை, நம் மேலும் தவறில்லை, வெளியிலிருந்து யாரோ செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நாமே எண்ணைச் சொல்லிக் கொடுத்தோம் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம்முடையது. வங்கியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கார்டில் இன்டர்நெட் வசதியைத் திறந்து வைத்தவளே நான்தான். 2021-இல் ஊரடங்கின்போது மருந்து வாங்குவதற்காகத் திறந்தேன், மூட மறந்தேன். அந்தப் பாவம் என் கணக்கில்.

நான் கேட்பது வேறு. அம்மாவின் முழங்கால் அந்தப் பையனுக்கு எப்படித் தெரிந்தது?

கடையில் கேட்டேன். "எங்களிடமிருந்து போகவில்லை" என்றார்கள். கூரியர் கம்பெனியிலும் அதே பதில். பொருளைக் கட்டி அனுப்புகிற கிடங்கு வேறு ஒருவருடையதாம், அவர்கள் பதிலே போடவில்லை. எல்லோரும் உண்மையே சொல்லியிருக்கலாம். யார் மேலும் நான் விரல் நீட்ட முடியாது. அதுதான் இதில் பெரிய கொடுமை. ஒரு சிறிய பார்சல் எத்தனை கை தாண்டிப் போனது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இத்தனைக்கும், நான் பணம் கட்டிய என் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு காசு போகவில்லை. போயிருக்கவும் முடியாது. அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கடையில் கார்டை ஒரு இரும்புக் கருவியில் வைத்து, மேலே கார்பன் தாளைப் போட்டு, சரக் என்று இழுப்பார்கள். கார்டிலிருக்கும் எண் அப்படியே கார்பனில் பதிந்துவிடும். அந்தக் கார்பனைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடு என்று என் கணவருக்கு அவருடைய மேலதிகாரி சொல்லிக் கொடுத்திருந்தார். கடைக்காரர் முறைப்பார், இவர் விட மாட்டார். இன்று அந்த வேலையை ரிசர்வ் வங்கியே எடுத்துக்கொண்டுவிட்டது. 2009 ஆகஸ்ட் முதல், கார்டில் அச்சிட்டிருக்கும் எண்களோடு நமக்கு மட்டும் தெரிந்த இன்னொரு ரகசியமும் சொன்னால்தான் இன்டர்நெட்டில் பணம் போகும். 2020 அக்டோபர் முதல் புதிதாக வரும் கார்டுகளில் இன்டர்நெட் வசதியும் வெளிநாட்டு வசதியும் மூடியே வருகின்றன, வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும். 2022 அக்டோபர் 1-க்குப் பிறகு எந்தக் கடையும் நம் கார்டு எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு 'டோக்கன்' கொடுக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பு விட்டால் தருவார்களே, அதைப் போல. அந்த வாசலில்தான் அது செல்லும். இன்னொரு கடையில் காட்டினால் செல்லாது. கடைக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்பது கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும்தான். (வெளிநாட்டுத் தளங்களில் ரகசிய எண் கேட்காமலே பணம் போய்விடுவது உண்டு. வெளிநாட்டு வசதி தேவைப்படாதவர்கள் அதை மூடி வைப்பது நல்லது.)

இவ்வளவு காவலும் பதினாறு இலக்கத்துக்கு. அந்தப் பதினாறு இலக்கமோ தொலைந்தால் வங்கிக்கு ஒரு ஃபோன் போட்டு மாற்றிக்கொள்ளக் கூடியது. ஒரு வாரத்தில் புது எண்ணோடு புதுக் கார்டு வீடு தேடி வரும். அதே படிவத்தில் அதே நிமிடத்தில் நாம் எழுதிக் கொடுக்கும் மற்றவை? பிறந்த தேதியை மாற்ற முடியுமா? மாயவரத்து வீட்டை மாற்ற முடியுமா? முழங்காலை? காவல் வேண்டிய இடத்தில் காவல் இல்லை என்பதுதான் என் கட்சி.

2021-இல் டாமினோஸ் பீட்சா கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போயின. சுமார் 18 கோடி ஆர்டர்களின் விவரம் என்று அப்போது செய்தி வந்தது. பணம் சம்பந்தப்பட்ட தகவல் எதுவும் போகவில்லை என்று கம்பெனி சொன்னது. எல்லோரும் 'அப்பாடா' என்றோம். பெயர், ஃபோன் எண், வீட்டு முகவரி மட்டும்தான் போயிற்றாம். 'மட்டும்தான்' என்ற அந்தச் சொல்லில்தான் நாம் ஏமாறுகிறோம்.

ரயில் சார்ட்டில் ஆரம்பித்தேன் அல்லவா, அதன் பின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. ஒரு டெண்டர் விட்டது. பயணிகளைப் பற்றித் தன்னிடம் சேர்ந்திருக்கும் விவரங்களிலிருந்து எப்படி வருமானம் பார்க்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் தேவை என்று. பெயர், வயது, மொபைல் எண், முகவரி, எந்த வகுப்பில் போகிறார், எந்த வழியில் பணம் கட்டுகிறார் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பி, அதே மாதம் டெண்டரைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு யோசனை தோன்றியதே, அதைக் கவனிக்க வேண்டும். பழைய சார்ட்டைப் பயணம் முடிந்ததும் தூக்கிப் போட்டார்கள். புதுச் சார்ட்டுக்குச் சந்தையில் விலை இருக்கிறது.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "யோக்கியனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்றார். நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் பதில் இது. கூடத்தில் பத்துப் பேர் படுத்துறங்கிய வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். 'அந்தரங்கம்' என்றால் ஏதோ சொல்லக் கூடாத விஷயம் என்றே நமக்குப் பழக்கம். 'தனியுரிமை' என்ற சொல் இப்போது வந்தது, இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. அதே நண்பரின் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தன் கிரெடிட் கார்டின் மேல் அவளுக்கு ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் எங்கே என்ன வாங்கினாலும் இவர் ஃபோனுக்குச் செய்தி வரும். ஒரு நாள் மருந்துக் கடையில் 340 ரூபாய்க்கு என்ன வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கார்டைத் தொடுவதில்லை, ரொக்கம்தான். அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? ஒரு தப்பும் செய்யாதவர்களுக்கும் மூடி வைக்கச் சில கதவுகள் வேண்டியிருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து இது அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடகத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. அப்போது எண்பது வயது தாண்டியிருந்தவர். ஆகவே இது கம்ப்யூட்டர் படித்த இளைஞர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்க வேண்டாம்.

சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறார்களோ அதற்குத் தேவையானதை மட்டுமே நம் சம்மதத்தின் பேரில் எடுத்துக்கொள்ளலாம். ஃபோன் வழியாக வைத்தியம் பார்க்கும் ஒரு செயலி, நம் ஃபோனில் இருக்கும் மற்றவர்களின் எண்களையும் கேட்டால், நாம் 'சரி' என்று அழுத்தியிருந்தாலும் அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும் என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்காத பகுதியும் உண்டு. விவரங்களைச் சரியாகப் பாதுகாக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அது முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். மாயவரத்தில் 22,400 ரூபாய் தொலைத்தவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடையாது.

சட்டம் மெதுவாக வரட்டும். அதுவரை நாம் என்ன செய்கிறோம்? வெளியூரில் இருப்பதாலேயே நாம் மற்றவர்களைவிட அதிகம் கொட்டிக் கொடுக்கிறோம். ஊர்க் கோயிலில் அர்ச்சனைக்குப் பணம் கட்டும்போது வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரும் நட்சத்திரமும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் தளத்தில் பிறந்த தேதி, நேரம், ஊர், சம்பளம். ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பினால் அவர்கள் முகவரியும், அவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்ற செய்தியும். 'கேட் பூட்டியிருக்கும், மணியடித்துவிட்டுக் காத்திருக்கவும், வயதானவர், மெதுவாகத்தான் வருவார்' என்று கூரியர்காரருக்காக நானே எழுதியிருக்கிறேன்! திருடனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி யார் எழுதிக் கொடுப்பார்கள்?

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். ஆசிரியர் இந்தப் பகுதியை வெட்டாமல் போடுவார் என்று நம்புகிறேன்.

உறுப்பினர் சந்தாவை இப்போது இன்டர்நெட்டில் கார்டு மூலம் கட்டலாம் என்று செய்திருக்கிறார்கள். நல்ல வசதி. ஆனால் பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்கு முன் ஒரு படிவம் வருகிறது. பிறந்த தேதி, நட்சத்திரம், மணநாள், சொந்த ஊர் முகவரி, ஊரில் இருக்கும் பெற்றோரின் தொலைபேசி, பிள்ளைகளின் பெயர், வயது, படிக்கும் பள்ளி. பொங்கல் விருந்துக்கு டிக்கெட் வாங்கவும் இதே படிவம்தான். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட நட்சத்திரம் எதற்கு? கேட்டால், பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பத்தான் என்கிறார்கள். நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தப் படிவங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன, யார் யார் பார்க்கலாம், சங்கத்தை விட்டுப் போனவர்களின் விவரத்தை எப்போது அழிக்கிறார்கள் என்று செயற்குழுவில் இருவரிடம் கேட்டேன். வலைத்தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறாராம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அச்சாகும் உறுப்பினர் கையேட்டிலும் இவற்றில் பாதி வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு எங்கள் மணநாளன்று காலையில் முதல் வாழ்த்து, வீட்டு மனை விற்கும் தரகர் ஒருவரிடமிருந்து வந்தது. அந்தத் தேதியைக் கையேட்டைத் தவிர வேறெங்கும் எழுதிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

கையேட்டைக் கொளுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. 1991-இல் என் கணவருக்கு அவசர அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அந்தக் கையேட்டைப் புரட்டித்தான் பக்கத்து வீட்டு மாமா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முன்பின் தெரியாத நான்கு பேர் விடியற்காலையில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஒருவர் பெயரைக்கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. மொழி தெரியாத ஊரில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க நமக்கு ஒரு சார்ட் வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன். அதற்குப் பெயரும், குடியிருக்கும் பகுதியும், சம்மதித்தவர்களின் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். விருப்பப்பட்டால் ரத்த வகை. ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவின் எண் எந்தப் பட்டியலிலும் வேண்டாம். பணம் கட்டும் படிவத்தில் ரசீதுக்கு வேண்டிய பெயரும் எண்ணும் தவிர மற்ற கட்டங்களை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றில் தேவையில்லாததை அழித்துவிட்டு, அழித்தோம் என்று இதே இதழில் ஓர் அறிவிப்புப் போட வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதை நான் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். இரண்டு பேர் வழிமொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா இப்போது தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் எடுப்பதில்லை. போன மாதம் என் மொபைல் கெட்டுப்போய் அலுவலகத்துத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டபோது, ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பணம் போனதை அவர் நோட்டில் எழுதியிருக்கிறார், நான் பார்த்தேன். கீரை, பால் கணக்குக்கு நடுவில் 'என் அசட்டுத்தனம் 22,400' என்று இருக்கிறது. அதை அடித்துவிடச் சொன்னேன். கணக்கு என்றால் கணக்குதான் என்கிறார்.

இரண்டாவது முழங்காலுக்கும் உறை வாங்கியாயிற்று. இந்தத் தடவை கார்டை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று கடை கேட்டதற்கு வேண்டாம் என்றேன், தொலைபேசிக் கட்டத்தில் என் எண்ணைக் கொடுத்தேன். கூரியர்காரர் மாயவரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து என்று ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வழி சொன்னேன்.

இந்த வருடச் சந்தாவைக் கட்டவும் உட்கார்ந்தேன். தேவையில்லாத கட்டங்களையெல்லாம் காலியாக விட்டு மேலே போகப் பார்த்தேன். 'நட்சத்திரம் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்று தடவை முயன்றேன், என் பணத்தை வாங்க மறுத்துவிட்டது. செக் எழுதி, பஸ் பிடித்து, பொருளாளர் வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது எழுதும்போது அவர் என் பெயரை மட்டும்தான் கேட்டார்.